சமையல் நூல்களின் அளவுச் சொற்களும் உடல்நலமும்: தமிழ் - தெலுங்கு எல்லையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

0. முன்னுரை

உடல்நலத்துக்கு ஏற்ற வீட்டுச் சமையலைக் கற்பிக்கும் நூல்கள் தமிழில் இன்று மிகுதியாக வெளிவருகின்றன. இவற்றுள் பல தெலுங்கு, கன்னடம், ஆங்கிலம் ஆகிய மொழிகளுக்குப் பெயர்க்கப்படுகின்றன. அம்மொழிகளிலிருந்து தமிழுக்கும் வருகின்றன. இந்நூல்களின் பயனை மதிப்பிடுவோர் பெரும்பாலும் உணவியல் நோக்கிலேயே அதனைச் செய்கின்றனர். எந்தக் காய் சேர்க்கப்பட்டது, எந்தத் தானியம் பரிந்துரைக்கப்பட்டது என்பனவே அவர்கள் கேட்கும் கேள்விகள். ஆயின் ஒரு சமையல் குறிப்பு முதலில் ஒரு மொழிக்கூறு; சொல்வழியே அது வாசகரின் அடுக்களையைச் சென்றடைகிறது. சொல் எதனை வரையறுக்கிறதோ அதனையே வாசகர் செய்வார். எதனை வரையறுக்காது விடுகிறதோ அதனைத் தம் பழக்கத்தால் நிரப்பிக்கொள்வார்.

ஒரு நூலின் உடல்நலப் பயன் எந்தச் சொற்களைப் பொறுத்துள்ளதோ அச்சொற்களே நம் சமையல் நூல்களில் மிகவும் நெகிழ்வானவையாக உள்ளன என்பதை வரலாற்று அடிப்படையில் காட்டுவதும், அதனின்றும் மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் கையாளத்தக்க சில அளவுகோல்களை வகுப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்கும் தடாவும் அதன் சுற்றுப்புறமும் இவ்வாய்வுக்கு ஏற்ற களமாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

1. தடா: இரு அடுக்களைகளின் எல்லை

சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையில், திருவள்ளூர் மாவட்டத்து ஆரம்பாக்கத்தைக் கடந்தவுடன் வரும் ஆந்திரப் பகுதி தடா ஆகும். கிழக்கே பழவேற்காடு ஏரி உள்ளது. இவ்வூர் 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் உருவாகும் வரை சென்னை மாநிலத்தில் இருந்தது. நெடுங்காலம் நெல்லூர் மாவட்டத்தின் பகுதியாக இருந்து, 2022 ஏப்ரல் 4 அன்று சித்தூர், நெல்லூர் மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு திருப்பதி மாவட்டம் அமைக்கப்பட்டபோது அதனுள் சேர்ந்தது. அண்மையிலுள்ள சத்தியவேடு வட்டாரம் 1960 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த எல்லை மாற்றத்தின்போது சென்னை மாநிலத்தினின்றும் ஆந்திரத்துக்குச் சென்றது. திருத்தணி இப்பக்கம் வந்தது. ஆட்சி எல்லை இவ்வாறு நகர்ந்த போதிலும் இருமொழி வழக்கு இப்பகுதியில் தொடர்ந்து வந்துள்ளது.

இத்தகைய எல்லைப் பகுதிக்கெனச் சமையல் நூலொன்றை மொழிபெயர்க்க முற்படுவோர் முதலில் எதிர்கொள்வன போலி ஒப்புச் சொற்களாகும். தமிழில் 'பச்சடி' என்பது தயிர் சேர்த்தோ இனிப்பும் புளிப்புமாகவோ செய்யப்படுவது. தெலுங்கில் 'பச்சடி' என்பது நம் துவையலையும் சட்னியையும் ஒத்தது. ஊறுகாய் வகைக்கும் அச்சொல் வழங்கும். தமிழில் 'சாறு' என்றால் பிழிவு என்பதே பொதுவழக்கு. தெலுங்கின் 'சாரு' நம் இரசம். தெலுங்கில் 'கூர' என்பது காயையும் அக்காயால் செய்த உணவையும் குறிக்கும். தமிழின் 'கறி' சில குடும்பங்களில் காய்கறியையும் பல குடும்பங்களில் இறைச்சியையும் சுட்டும். உப்பும் எண்ணெயும் மிகுந்த ஆந்திரப் பச்சடியைத் தயிர்ப் பச்சடியின் இடத்தில் வைத்து, நாள்தோறும் ஒரு கிண்ணம் உண்ணுமாறு ஒரு மொழிபெயர்ப்பு கூறிவிட்டால், இரத்த அழுத்தம் உடையவருக்கு அது தீங்காகவே முடியும்.

இவ்வகைப் பிழைகள் வெளிப்படையானவை. விழிப்புள்ள மொழிபெயர்ப்பாளர் எளிதில் தவிர்ப்பர். சொல் சரியாகப் பெயர்க்கப்பட்டும் பொருள் மாறிவிடும் இடங்களே கூர்ந்து நோக்கத்தக்கன.

2. 'அரிசி' என்னும் சொல்

தமிழ் 'அரிசி'க்குத் தெலுங்கில் 'பிய்யம்' என்பது அகராதி தரும் நேர்ச்சொல். இப்பெயர்ப்பில் அகராதிப் பிழை ஏதுமில்லை. எனினும் அடைமொழி இன்றி வழங்கும்போது இவ்விரு சொற்களும் ஒரே பொருளைச் சுட்டுவதில்லை. தமிழ் மாவட்டங்கள் பலவற்றில் அன்றாடச் சோற்றுக்குரியது புழுங்கலரிசி. ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் பச்சரிசி. அடைமொழி பெறாத சொல் அவ்வப் பகுதியின் இயல்பு வழக்கையே குறிக்கும் என்பது பொருண்மையியல் அறிந்த செய்தி. இங்கு அது உடல்நலச் செய்தியாகவும் ஆகிவிடுகிறது.

இதற்கு வரலாற்றுச் சான்று உண்டு. 1918இல் இராபர்ட் மக்காரிசன் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில், ஒரே அறையில், பெரிபெரி நோய் பற்றிய ஆய்வுப் பிரிவொன்றைத் தொடங்கினார். அந்நோய் அன்று வட சர்க்கார் எனப்பட்ட ஆந்திரக் கடலோர மாவட்டங்களில் நிலைகொண்டிருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ்ப் பகுதிகளில் அவ்வாறு பரவவில்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டுப் பகுதியிலுள்ள தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்தின் ஒரு பங்கு அரிசியின் உட்பகுதிக்குள் சென்று தங்குகிறது. பின்னர் ஆலையில் தீட்டினாலும் அப்பங்கு முற்றிலும் நீங்குவதில்லை. பச்சரிசியைத் தீட்டும்போது தவிட்டுடன் அச்சத்தும் போய்விடுகிறது. கைக்குத்தல் குறைந்து ஆலைகள் பெருகியபோது 'அரிசி' என்ற சொல் மாறவில்லை. அது சுட்டிய பொருள் மாறிவிட்டது. சொல் மாறாதிருந்தமையால் மாற்றம் கண்ணுக்குத் தெரியவில்லை என்றும் கூறலாம்.

மக்காரிசன் பின்னர் இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவுமுறைகளை வெள்ளெலிகளுக்குக் கொடுத்து ஒப்பிட்டார். முழுக்கோதுமையும் பாலும் கொண்ட சீக்கியர் உணவை உண்டவை நன்கு வளர்ந்தன. அரிசியையே பெரிதும் சார்ந்த சென்னை மாகாண உணவை உண்டவை பின்தங்கின. குன்னூர் ஆய்வகத்தின் இயக்குநராகப் பின்வந்த டபிள்யூ. ஆர். அய்க்ராய்டு 1937இல் இந்திய உணவுப்பொருள்களின் சத்து மதிப்புகளைத் தொகுத்து வெளியிட்டார். அவ்வட்டவணையில் அரிசி ஒரே சொல்லாக நிற்கவில்லை. பச்சை, புழுங்கல், கைக்குத்தல், ஆலையில் தீட்டியது எனப் பகுக்கப்பட்டது. ஆய்வகம் 1958இல் ஐதராபாத்துக்கு மாறி, 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் பெற்றது. அந்நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவு உள்ளடக்க அட்டவணை 528 உணவுப்பொருள்களை ஆராய்ந்து தருகிறது.

'எண்ணெய்' என்னும் சொல்லும் இத்தகையதே. அது எள் + நெய் எனப் பிரியும். தெலுங்கு 'நூனெ'யும் எள்ளைக் குறிக்கும் 'நூவு' என்ற சொல்லுடன் 'நெய்' சேர்ந்து உருவானதே. இரு மொழிகளும் தனித்தனியே ஒரே பாதையில் சென்று, எள்ளின் பெயரை எல்லா எண்ணெய்க்கும் பொதுப்பெயராக்கிவிட்டன. ஆகவே தமிழர் எள்ளெண்ணெயைத் தனித்துச் சுட்ட 'நல்லெண்ணெய்' என்ற சொல்லை வேண்டினர். பழைய குறிப்பொன்றில் வெறும் 'எண்ணெய்' என்றிருந்தால் அது செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயாகவோ கடலை எண்ணெயாகவோ இருந்திருக்கும். இன்றைய வாசகர் அவ்விடத்தில் சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெயையோ பாமாயிலையோ ஊற்றுவார். முன்னோர் சமையல் உடலுக்கு நல்லது எனக் கூறிப் பழங்குறிப்புகளை மறுபதிப்புச் செய்யும் நூல்கள் இவ்விடத்தில் ஒரு குறிப்புரையேனும் தருதல் வேண்டும்.

3. ஏட்டினின்றும் அச்சுக்கு

சமையலை நூற்பொருளாகக் கொள்ளும் மரபு தமிழுக்குப் புதிதன்று. வீமன் இயற்றியதாகக் கருதப்பட்ட மடைநூல் ஒன்றைச் சிறுபாணாற்றுப்படை சுட்டுகிறது. உணவை மருந்தாகக் கொள்ளும் நோக்கும் பழமையானது. திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் பெரும்பகுதியும் உண்ணும் அளவையும் காலத்தையும் பற்றியதே. பதார்த்த குண சிந்தாமணி போன்ற நூல்கள் உணவுப்பொருள்களின் குணங்களைத் தொகுத்தன. எனினும் மடைநூலும் குணநூலும் தனித்தனி மரபுகளாகவே நின்றன. எவ்வாறு சமைப்பது என்பதை ஒன்றும், எது யாருக்கு ஆகும் என்பதை மற்றொன்றும் கூறின. இவ்விரு மரபுகளும் ஒரே நூலுள் இணைய முயல்வதன் விளைவே இன்றைய 'ஆரோக்கியச் சமையல்' நூல் எனலாம்.

அச்சுக் காலத்தில் பாகசாஸ்திரம் என்ற பெயரால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே நூல்கள் வெளிவரத் தொடங்கின. ஆயினும் வீட்டுச் சமையலுக்கான தமிழ் உரைநடையை நிலைநிறுத்தியது எஸ். மீனாட்சி அம்மாள் 1951இல் வெளியிட்ட 'சமைத்துப் பார்' ஆகும். மூத்தோர் அருகில் இல்லாத புதுமணப் பெண்ணும் நூலை மட்டுமே துணையாகக் கொண்டு சமைக்க இயலும் வகையில் அது எழுதப்பட்டது. பொருள்களை அளவுடன் முதலில் பட்டியலிட்டுச் செய்முறையைப் பின்னர் வரிசையாகக் கூறும் அமைப்பு பின்வந்தோருக்கு முன்மாதிரியாயிற்று. 1968இல் அதன் ஆங்கில வடிவமும் வெளிவந்தது.

அன்றைய அளவுகள் ஆழாக்கும் பலமும் ஆகும். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. நாற்பது பலம் ஒரு வீசை. தெலுங்கிலும் இதனையொத்த இரட்டிப்பு முறையே நிலவியது: நான்கு கித்த ஒரு சோல; இரண்டு சோல ஒரு தவ்வ; இரண்டு தவ்வ ஒரு மானிக. இவ்வமைப்பில் விகிதம் நிலையானது. அடிப்படை அளவோ ஊருக்கு ஊர் வேறுபட்டது. பட்டணம் படியும் பிற ஊர்ப் படிகளும் ஒன்றல்ல. சமையலில் விகிதம் காக்கப்பட்டால் சுவை கெடாது. ஆகவே இவ்வேறுபாடு அக்காலத்தவருக்கு இடர் தரவில்லை. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து 1958 முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தபோது நூல்களின் அளவுகளும் மாற்றி எழுதப்பட வேண்டியவாயின. அரிசியும் பருப்பும் கிராமாயின. உப்பும் எண்ணெயும் பெரும்பாலும் அம்மாற்றத்துக்குள் வரவில்லை.

4. மூவகை அளவுச் சொற்கள்

தமிழ்ச் சமையல் நூல்களில் வழங்கும் அளவுச் சொற்களை மூவகையாகப் பகுக்கலாம்.

முதலாவது எண்ணளவு: 200 கிராம், இரண்டு தம்ளர், ஒரு தேக்கரண்டி என்பன. இவற்றுள்ளும் 'தலைதட்டிய கரண்டி' என்பதற்கும் 'குவித்த கரண்டி' என்பதற்கும் வேறுபாடு பெரிது.

இரண்டாவது உவம அளவு: மிளகளவு, சுண்டைக்காயளவு, கொட்டைப்பாக்களவு, நெல்லிக்காயளவு, எலுமிச்சையளவு என்பன. சிட்டிகை, கைப்பிடி, விரற்கடை ஆகிய உடலுறுப்பு அளவுகளும் இதனுள் அடங்கும். புறத்தார் இவற்றைத் தெளிவற்றவை என்பர், அது பொருந்தாது. இவை சிறியது முதல் பெரியது வரை வரிசைப்பட்ட ஓர் அளவுகோல். இம்மொழிச் சமூகத்தில் வளர்ந்த எவரும் நெல்லிக்காயளவுப் புளியை எலுமிச்சையளவுப் புளியுடன் மயங்குவதில்லை. ஆயின் மொழி எல்லையைக் கடக்கும்போது இக்கோல் துணைசெய்வதில்லை. நாட்டு எலுமிச்சையை அறியாத அயல்நாட்டு வாசகர் அங்காடியில் கிடைக்கும் பெரிய எலுமிச்சையை நினைவிற்கொள்வார். மொழிபெயர்ப்பாளர் உவமையை அப்படியே விடாது எடையையும் உடன் தருதல் நன்று.

மூன்றாவது தேவையளவு: 'உப்பு - தேவையான அளவு', 'எண்ணெய் - பொரிக்கத் தேவையான அளவு', 'சர்க்கரை - சுவைக்கேற்ப' என்பன. எல்லைக்கு அப்பால் தெலுங்கு நூல்களிலும் 'உப்பு - தகினந்த', 'ருசிகி சரிபடா' என இதே வாய்பாடு வழங்குகிறது. முன்னிரு வகைகளிலும் அளவு பொருளின்மேல் நிற்கிறது. இதில் அது வாசகரின் நாவின்மேல் நிற்கிறது. இவ்வாய்பாடு தன் இடத்தில் பிழையானதன்று. உப்பின் தன்மையும் புளியின் பழமையும் வேறுபடும் அடுக்களையில், சமைப்பவரின் தீர்ப்புக்கு இடம்விடுவது அறிவுடைமையே. பொதுவான சமையல் நூலுக்கு அது பொருந்தும்.

உடல்நல நூலாக ஒன்று தன்னை அறிவித்துக்கொள்ளும்போது நிலைமை மாறுகிறது. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பையே பரிந்துரைக்கிறது. இது ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. ஐதராபாத் நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலும் உப்பைக் கட்டுப்படுத்தச் சொல்கிறது. 2000 கிலோ கலோரி உணவுத்தட்டில் எண்ணெய், கொழுப்பு வகைக்கு ஏறத்தாழ 27 கிராமே ஒதுக்குகிறது. அதாவது, ஏறத்தாழ இரண்டு மேசைக்கரண்டி. அதுவும் முழு நாளுக்கு. இரத்த அழுத்தமும் நீரிழிவும் உடையவர் நூலிடம் கேட்பது இவ்வெண்களையே. நூலோ வெந்தயத்துக்கும் பெருங்காயத்துக்கும் அளவு கூறி, உப்பையும் எண்ணெயையும் தேவைக்கு விட்டுவிடுகிறது. தேவை என்பது நெடுநாட் பழக்கம் வகுத்தது. அப்பழக்கத்தை மாற்றவே நூலை வாங்கியவருக்கு அப்பழக்கத்தையே அளவுகோலாகத் திருப்பித் தருவது எவ்வகையில் வழிகாட்டலாகும்?

பொரிக்கும் எண்ணெய்க்கு மேலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. வாணலியில் ஊற்றும் அளவும் உணவு உறிஞ்சும் அளவும் வேறு. நூல் முன்னதைக் கூறினாலும் பின்னதே உடலைச் சேர்வது. குழம்பில் உப்பைக் குறைத்த நூல் தொட்டுக்கொள்ள அப்பளம், ஊறுகாய், கருவாடு ஆகியவற்றைப் பரிந்துரைப்பதும் இத்தகையதே. அவ்வுப்பு குறிப்பின் பட்டியலுக்கு வெளியே நின்றுவிடுகிறது.

5. இறுதிநிலைத் தொடர்கள்

தமிழ்ச் சமையல் உரைநடை காலத்தைக் கடிகாரத்தால் அளப்பது குறைவு, புலன்களால் அளக்கிறது. 'பொன்னிறமாகும்வரை வறுக்கவும்', 'பச்சை வாசனை போகக் கொதிக்கவிடவும்', 'எண்ணெய் பிரிந்து வரும்வரை வதக்கவும்' என்பன போன்ற தொடர்களை இறுதிநிலைத் தொடர்கள் என இங்குக் குறிக்கலாம். அடுப்பின் வெப்பம் வேறுபட்டாலும் இவை பிழைபடா. நிமிடக் கணக்கினும் நம்பத்தக்கவை.

ஆயின் இவற்றுள் சில, சமையலின் அளவைத் தமக்குள்ளேயே முன்னனுமானமாகக் கொண்டுள்ளன. எண்ணெய் பிரிந்து வரவேண்டுமாயின் பிரியத்தக்க அளவு எண்ணெய் இருத்தல் வேண்டும். பழைய குறிப்பின் எண்ணெயை இரண்டு தேக்கரண்டியாகக் குறைத்துவிட்டு, 'எண்ணெய் பிரிந்து வரும்வரை' என்ற தொடரை மட்டும் அப்படியே வைத்திருக்கும் நூல்கள் உள்ளன. அக்குறி ஒருபோதும் தோன்றாது. வாசகர் வெங்காயம் அடிபிடிப்பதைக் கண்டு மேலும் எண்ணெய் ஊற்றுவார். அதுவே நூலின் தொடர் அவரிடம் வேண்டுவது. பட்டியல் ஒன்று கூற, செய்முறை மற்றொன்று கூறும் இம்முரண்பாடு நூலாசிரியர் அக்குறிப்பை உண்மையில் சமைத்துப் பார்த்தாரா என்பதை வெளிப்படுத்தும் சிறந்த சோதனையாகும். எண்ணெய் குறைந்த குறிப்புக்குரிய இறுதிநிலை வேறு: 'தக்காளி குழைந்து, ஈரம் வற்றும்வரை' என்றோ, 'சிறிது நீர் தெளித்து, வெங்காயம் நிறம் மாறும்வரை' என்றோ அது எழுதப்பட வேண்டும்.

வினைச்சொல் தேர்வும் அவ்வாறே. 'சோறு வடிக்கவும்' என்பதும் 'சோறு வேகவைக்கவும்' என்பதும் ஒன்றல்ல. கஞ்சியை வடித்துக் கொட்டுமிடத்து நீரில் கரையும் உயிர்ச்சத்துகளும் செல்கின்றன. இரண்டையும் ஒரே வினையால் பெயர்க்கும் மொழிபெயர்ப்பு அவ்வேறுபாட்டை இழக்கிறது.

6. யாருக்கு நல்லது?

பழைய குணநூல் மரபில் உணவின் நன்மை சார்புடைய ஒன்று. ஒரு பொருள் வாதத்தைப் பெருக்கும், பித்தத்தைத் தணிக்கும் என்று கூறப்படும். 'பத்தியம்' என்ற சொல் இன்ன நோயாளிக்கு, இன்ன மருந்துக்கு என்ற சார்பைத் தன்னுள் கொண்டது. அவற்றின் மருத்துவக் கோட்பாட்டை இன்று ஏற்பினும் ஏலாவிடினும், 'யாருக்கு' என்ற நான்காம் வேற்றுமை இடத்தை அவை காலியாக விட்டதில்லை. 'ஆரோக்கிய உணவு' என்ற இன்றைய தொடர் அவ்விடத்தை நீக்கிவிட்டது.

இதன் விளைவை 2023ஆம் ஆண்டு உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்டதைத் தொடர்ந்து பெருகிய குறிப்புகளில் காணலாம். வெல்லம் சேர்த்த கேழ்வரகு உருண்டை வளரும் குழந்தைக்கு ஏற்ற தின்பண்டமாகலாம். வெல்லமும் பெரும்பகுதி சர்க்கரையே ஆதலின் நீரிழிவு உடையவருக்கு அது பொருந்தாது. இரண்டு வாசகரையும் 'உடலுக்கு நல்லது' என்ற ஒரே தொடரால் அழைக்கும் நூல் ஒருவரையேனும் தவறாக அழைக்கிறது. எத்தனை பேருக்கு என்ற எண் இல்லாத குறிப்பும் இவ்வகைக் குறைபாடு உடையதே; நான்கு பேருக்கா ஆறு பேருக்கா என்பது தெரியாதபோது பட்டியலின் எல்லா எண்களும் பயனற்றுப் போகின்றன.

7. முடிவுரை

மேற்கூறியவற்றால், உடல்நலச் சமையல் நூலொன்றின் பயனை மதிப்பிட நான்கு கேள்விகள் பெறப்படுகின்றன.

(அ) பொருட்பெயர் அடைமொழியுடன் நிற்கிறதா? எந்த அரிசி, எந்த எண்ணெய் என்பது விளங்குகிறதா?
(ஆ) உப்பு, எண்ணெய், இனிப்பு ஆகிய மூன்றும் எண்ணளவில் தரப்பட்டுள்ளனவா?
(இ) செய்முறையின் இறுதிநிலைத் தொடர்கள் பட்டியலின் அளவுகளுடன் ஒத்துச்செல்கின்றனவா?
(ஈ) யாருக்கு, எத்தனை பேருக்கு என்பது கூறப்பட்டுள்ளதா?

முன்னுரையில் எத்துணை மருத்துவச் செய்திகள் நிறைந்திருப்பினும் இந்நான்கனுக்கும் விடை தராத நூல் சுவைக்கான நூலேயன்றி நலத்துக்கான நூலாகாது. ஒளிப்படமின்றி எளிய தாளில் அச்சான சிறு நூலும் இவற்றுக்கு விடை தருமாயின் பயனுடையதே.

மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு இங்கு இரட்டிப்பாகிறது. மூலநூலின் 'தேவையான அளவு' என்பதைத் 'தகினந்த' எனப் பெயர்ப்பது சொல்லளவில் குறையற்றது. எனினும் தடாவிலோ சூளூர்ப்பேட்டையிலோ அந்நூலைப் பயன்படுத்தும் குடும்பத்தின் தேவையளவு மூலநூலார் மனத்திற்கொண்ட அளவாக இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. ஆசிரியரை அணுகி அவ்வளவைக் கேட்டறிந்து எண்ணால் எழுதுவதும், அது இயலாதவிடத்து அடிக்குறிப்பால் சுட்டுவதும் இத்துறை மொழிபெயர்ப்பின் நெறியாகக் கொள்ளப்படுதல் வேண்டும். இலக்கிய மொழிபெயர்ப்பில் மூலத்தின் நெகிழ்வைக் காப்பது கடமை. சமையல் நூலில் அந்நெகிழ்வு ஒருவரின் இரத்த அழுத்தமாக அளக்கப்படுகிறது. தமிழ், தெலுங்குச் சமையல் நூல்களின் அளவுச் சொற்களைத் தொகுத்து, எடை மதிப்புடன் கூடிய இருமொழிச் சொற்பட்டியல் ஒன்றை ஆக்குவது இத்திசையில் உடனடியாகச் செய்யத்தக்க பணியாகும்.